சோத்தோவும் ஸ்லோவும்: பெயர்க் குழப்பக் கேள்வி-பதில்

கேள்வி: லெசோத்தோ, பசோத்தோ, மொசோத்தோ, செசோத்தோ... எல்லாம் ஒன்றுதானா?

பதில்: வேர் ஒன்று. நாம் தமிழ், தமிழர், தமிழகம் என்று வாலில் ஒட்டுவதை ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் தலையில் ஒட்டுவார்கள். மொசோத்தோ என்றால் ஒருவர், பசோத்தோ என்றால் பலர். செசோத்தோ மொழி, லெசோத்தோ நாடு. ஆகவே 'ஒரு பசோத்தோ வந்தார்' என்று எழுதுவது 'ஒரு தமிழர்கள் வந்தார்' என்பதுபோலத்தான். போட்ஸ்வானாவிலும் இதே கணக்கு: மொட்ஸ்வானா, பட்ஸ்வானா, செட்ஸ்வானா.

உகாண்டாவில்தான் பலர் சறுக்குகிறார்கள். பகாண்டா என்பது அந்நாட்டு மக்கள் எல்லோருமல்ல. பல இனங்களில் ஒன்று. அவர்கள் அரசு புகாண்டா, மொழி லுகாண்டா. புகாண்டாவைச் சுவாஹிலி மொழி பேசுவோர் சொன்ன விதமே உகாண்டா.

லெசோத்தோவின் உச்சரிப்பிலும் ஒரு பொறி. ஆங்கில எழுத்தில் 'டி'க்குப் பின் வரும் 'எச்' இங்கே மூச்சுக்காற்றைத்தான் குறிக்கிறது. வாயில் வருவது ஏறக்குறைய 'லெசூட்டு'. 1966 வரை இருந்த பழைய பெயர் பசுட்டோலாந்து என்பதைப் பார்த்தால் அது புரியும்.

கேள்வி: ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா: பார்சல் அனுப்பும்போது எப்படிப் பிரித்தறிவது?

பதில்: தலைநகரைப் பாருங்கள். பிராத்திஸ்லாவா என்றால் ஸ்லோவாக்கியா, லியூப்லியானா என்றால் ஸ்லோவேனியா. நாட்டுக் குறியீடு முன்னதற்கு எஸ்.கே., பின்னதற்கு எஸ்.ஐ. குத்துமதிப்பாக எஸ்.எல். போட்டால் அது சியரா லியோன்!

குழம்புவது உங்கள் தவறல்ல. ஸ்லோவாக்கியர் தம் நாட்டைச் சொல்வது ஸ்லோவென்ஸ்கோ, ஸ்லோவேனியர் சொல்வது ஸ்லோவெனியா. மொழிகள் முறையே ஸ்லோவென்சினா, ஸ்லோவென்ஷ்சினா. இரு நாட்டிலும் பெண்ணைக் குறிக்கும் சொல் ஒன்றே: ஸ்லோவென்கா. கொடிகளிலும் அதே வெள்ளை, நீலம், சிவப்புப் பட்டைகள். சின்னத்தை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

கேள்வி: ஆங்கிலச் செய்தியில் வருவது நைஜரா, நைஜீரியாவா?

பதில்: இரண்டும் நைஜர் ஆற்றின் பெயரைக் கொண்டவை. மக்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் கடைசிக்கு முந்தைய எழுத்து 'இ' (e) என்றால் நைஜர், 'ஏ' (a) என்றால் நைஜீரியா. மொழிபெயர்க்கும்போது 'நைஜர் நாட்டவர்', 'நைஜீரியர்' என்று எழுதிவிட்டால் வம்பில்லை.

கேள்வி: மலாயும் மலையாளமும் உறவா?

பதில்: இல்லை. மலையாளம் திராவிடக் குடும்பம், நம் 'மலை' அதில் இருக்கிறது. மலாய் ஆஸ்ட்ரோனேசியக் குடும்பம். கணினியில் மொழி தேர்ந்தெடுக்கும்போது மலையாளத்துக்கு எம்.எல்., மலாய்க்கு எம்.எஸ்.; அவசரத்தில் மாற்றித் தட்டிவிடாதீர்கள்.