எலுமிச்சைக் கன்றுக்கு வேர் உட்பூசணம் இடுவதால் செடிக்குள் ஏதாவது மாறுமா?

கன்று நட்டு, உரமும் போட்டு, அப்படியும் இலை வெளுத்து நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித் தவித்தவன். மாறும், எலுமிச்சை வகையில் நன்றாகவே மாறும். வேர் உட்பூசணம் என்பது வேருக்குள் புகுந்து வாழ்ந்து, மண்ணிலிருந்து செடிக்குச் சத்தை இழுத்துத் தரும் நல்ல பூஞ்சை.

அலங்காநல்லூர் பக்கம் எங்கள் செம்மண் நிலத்தில் அறுபது கன்றுகள் வைத்தோம். எட்டு மாதமாகியும் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. இலைகள் சிறுத்து, நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தன. உரக்கடையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிறைந்த டி.ஏ.பி. உரம் போடச் சொன்னார்கள். போட்டோம், மஞ்சள் கூடியது. மறுபடியும் அதையே போடச் சொன்னார்கள்.

வேளாண்மை படிக்கும் அக்கா மகள் விடுமுறைக்கு வந்தபோது ஒரு கன்றைப் பிடுங்கி, வேரை வாளித் தண்ணீரில் அலசி என் உள்ளங்கையில் வைத்தாள். "வேர்த்தூவி தெரிகிறதா மாமா?" மழமழவென்று இருந்தது. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் மயிரிழை போன்ற தூவி எலுமிச்சை வேரில் மிகக் குறைவு. அந்த வேலையைப் பூஞ்சை இழைகள்தான் செய்கின்றன. மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் தூரத்திலிருந்து இழுத்து வருகின்றன. அமெரிக்காவில் நாற்றங்கால் மண்ணைப் புகைமருந்தால் சுத்தம் செய்த இடங்களில் இவ்வகைக் கன்றுகள் குட்டையாகவே நின்றன. பூஞ்சை இல்லாததே காரணம் என்று 1972இல் ஆய்வு வெளியானது.

செடி இதற்குக் கூலி கொடுக்கிறது. இலையில் உண்டாகும் சர்க்கரை வேருக்கு இறங்கி, குளுக்கோஸாக உடைந்து பூஞ்சைக்குப் போகிறது. கொழுப்பு அமிலத்தையும் செடியே தருகிறது; பூஞ்சையால் அதைத் தானாகச் செய்துகொள்ள முடியாது என்பது 2017இல்தான் தெளிவானது. சத்து ஏறியதும் இலையில் பச்சையம் கூடுகிறது, ஒளிச்சேர்க்கையும் கூடுகிறது. வறட்சியில் செல்லைச் சிதைக்கும் நச்சுப் பொருள்களை அடக்கும் நொதிகளும் வலுக்கின்றன.

மண்ணில் மணிச்சத்து மிகுந்தால் செடி பூஞ்சையை வேருக்குள் அதிகம் சேர்ப்பதில்லை. துத்தநாகமும் வராது. டி.ஏ.பி. போட்டபின் எங்கள் இலையில் மஞ்சள் கூடியதற்குக் காரணம் அதுதான். டி.ஏ.பி.யை நிறுத்தினேன். பாத்தியில் இளவேர் தெரியும்வரை கிளறி, கன்றுக்கு ஒரு கைப்பிடி உட்பூசணமும் தொழுவுரமும் இட்டேன். ஐப்பசி மழைக்குப் பிறகு வந்த தளிர் கரும்பச்சையாக வந்தது.

"உரத்தை நிறுத்தியதால் தேறியிருக்கும், மழையால் தேறியிருக்கும்" என்பார்கள் சிலர். அதற்காகவே ஆறு கன்றுகளுக்கு டி.ஏ.பி.யை நிறுத்தி, தொழுவுரம் மட்டும் வைத்தேன்; அம்மா திட்டியும் கேட்கவில்லை. அதே மழையில் நனைந்த அந்த ஆறும் இடுப்புக்குக் கீழேயே நின்றன, மற்றவை என் தோளைத் தொட்டன. மணிச்சத்து ஏற்கெனவே நிறைந்த நிலத்தில் பூஞ்சை சர்க்கரையைத் தின்று வளர்ச்சியைச் சற்றுக் குறைக்கவும் கூடும் என்பதையும் மறைக்கவில்லை. மண்ணைப் பரிசோதித்துவிட்டு இறங்குங்கள். மதுரை ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் கேட்டால் வழி சொல்வார்கள்.

   

பழைய மரத்தடி மண்ணை அள்ளிப் போட்டாலும் பூஞ்சை வரும். ஆனால் அடிமரத்தில் பிசின் வடியும் மரத்தடியில் மட்டும் அள்ளாதீர்கள், அழுகல் நோயும் கூடவே வந்துவிடும்.