வக்கீல் படிப்பும் வெளியுறவுப் பணியும்: கேள்வி பதில்

தொண்டி, சட்டக் கல்லூரி மாணவி: அண்ணே, வக்கீலாக இருந்தவர் அரசின் பெரிய பதவிக்கும் தூதர் வேலைக்கும் போனதுண்டா?

உண்டு தங்கச்சி. எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஆற்காடு இராமசாமி முதலியார். 1887இல் கர்னூலில் பிறந்து, சென்னையில் சட்டம் படித்து வக்கீல் தொழில் செய்தவர். பிறகு நீதிக்கட்சி, வைசிராயின் நிர்வாகக் குழு என்று உயர்ந்தார். 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்துப் போட்டார். நாடு அப்போது விடுதலைகூட அடையவில்லை! மறு வருஷமே ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவர். அதே ஆண்டு மைசூர் திவான்.

மண்டபம், கல்லூரி மாணவர்: வெளியுறவுப் பணிக்குப் போக எழுதும் குடிமைப் பணித் தேர்வுக்குச் சட்டப் படிப்பு உதவுமா?

உதவும். சட்டத்தையே விருப்பப் பாடமாக எடுக்கலாம். அதில் சர்வதேசச் சட்டமும் கடல் சட்டமும் வரும். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், நேர்காணலும் தமிழில் கொடுக்கலாம்.

பாம்பன், விசைப்படகு உரிமையாளர்: மகன் சட்டம் படிக்கிறான். இலங்கைக் கடற்படை போட்டையும் ஆளையும் பிடித்துக்கொண்டு போகும்போது இந்தப் படிப்பு எதற்கு ஆகும்?

ரொம்ப ஆகும் ஐயா. நம்மவர்களை இலங்கையின் ஊர்க்காவற்றுறை நீதிமன்றத்தில் நிறுத்தி விளக்கமறியலில், அதாவது நீதிமன்றக் காவலில், வைக்கும்போது, போய்ப் பார்ப்பதும் வக்கீல் வைத்துக் கொடுப்பதும் யாழ்ப்பாணத்திலுள்ள நம் துணைத் தூதரகம்தான். பிடிபட்டவரைத் தூதரக அதிகாரி சந்திக்கும் உரிமை 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவில் இருக்கிறது.

கச்சத்தீவையே எடுங்கள். 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, நம் மீனவரும் யாத்ரீகரும் பயண ஆவணம் இல்லாமல் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. 6ஆம் பிரிவு, இரு நாட்டுப் படகுகளுக்கும் மற்றவர் கடலில் வழிவழியாக இருந்த உரிமை தொடரும் என்கிறது. 1976இல் பரிமாறிய கடிதங்களோ, அனுமதி இல்லாமல் இலங்கைக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. 'போய்வரலாம்' என்பதில் மீன்பிடிப்பும் அடங்குமா என்பதில்தான் இத்தனை வருஷச் சண்டை. இப்படி ஒரு வரி எழுதப்படும் மேசையில், வலை காயப்போட்ட வீட்டுப் பிள்ளை ஒருவன் இருக்க வேண்டும். எனக்கு அது தீராத ஆசை. பையனை நிறுத்திவிடாதீர்கள்.

தேவிபட்டினம், வழக்கறிஞர்: வயது 31. குடிமைப் பணித் தேர்வு எழுதக் காலம் போய்விட்டதா?

இல்லை தம்பி. தேர்வு ஆண்டின் ஆகஸ்ட் 1ஆம் தேதிக் கணக்கில் பொதுப்பிரிவுக்கு 32, பிற்படுத்தப்பட்டோருக்கு 35, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 37 வரை உண்டு. அப்புறம், வெளியுறவு அமைச்சகத்தில் சட்ட, ஒப்பந்தப் பிரிவு என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதற்கான சட்ட அதிகாரிகளை மத்தியத் தேர்வாணையம் தனி அறிவிப்பு கொடுத்து எடுப்பதுண்டு. வழக்கறிஞர் அனுபவம் அங்கே கைகொடுக்கும். அதையும் கவனித்துக்கொண்டே இருங்கள். வேலை கிடைத்ததும் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்தி வைக்க மறக்காதீர்கள். சம்பள வேலையில் இருந்துகொண்டு வழக்காட முடியாது.