டெக்சாஸில் கடை நடத்துகிறேன். கைத்துப்பாக்கிக்கு லெவல் 2 ஹோல்ஸ்டர் (இடுப்பில் கட்டும் உறை) போதுமா, லெவல் 3 வாங்க வேண்டுமா?

கேள்வியில் நீங்கள் தந்திருக்கும் விவரம் இது: ஹூஸ்டன் பக்கம் பெட்ரோல் பங்கோடு சேர்ந்த சொந்தக் கடை. ராத்திரி நீங்களே கல்லாவில் நிற்கிறீர்கள். கிரீன் கார்டு இருக்கிறது, கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கியாகிவிட்டது. ஹோல்ஸ்டர் தேடப்போனால் லெவல் 1, 2, 3 என்று போட்டிருக்கிறார்கள். எண் கூடக்கூடப் பாதுகாப்பும் கூடுமா என்பது உங்கள் சந்தேகம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்து வையுங்கள். அதற்கு ட்ரிகரை முழுசாக மூடும் கெட்டியான கைடெக்ஸ் (ஒருவகை பிளாஸ்டிக்) உறை ஒன்றும் நல்ல பெல்ட் ஒன்றும் போதும். வெளியே தெரியும்படிதான் கட்டுவேன் என்றால் லெவல் 2க்குக் குறைந்து போகாதீர்கள், பூட்டு கட்டைவிரலால் திறப்பதாக இருக்கட்டும். லெவல் 3 காவல்துறைக்காரர்களின் வேலைக்கானது. மாதக்கணக்கில் பயிற்சி எடுக்க நேரம் இருந்தால் வாங்கலாம்.

நான் டல்லாஸ் பக்கம் ஒரு சுடுதளத்தில் வாரயிறுதிகளில் பாதுகாப்புக் கண்காணிப்பாளராக நிற்பவன். வருகிறவர்களின் துப்பாக்கியைப் பார்ப்பதைவிட அவர்கள் இடுப்பில் இருக்கும் உறையைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். எண்ணூறு டாலர் துப்பாக்கியைப் பதினைந்து டாலர் நைலான் பையில் சொருகிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

லெவல் என்ற இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். எஃப்.பி.ஐ.யில் இருந்த பில் ராஜர்ஸ் என்பவர் 1970களில் காவலர்களுக்கான பாதுகாப்பு உறைகளை வடிவமைத்தார். காவலரின் துப்பாக்கியையே பிடுங்கி அவரைச் சுடுவது அந்தக் காலத்தில் பெரிய கவலையாக இருந்தது. அவர் வைத்த சோதனை எளிமையானது. துப்பாக்கியை உறையில் வைத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் கைப்பிடியைப் பிடித்து, தன் பலம் முழுக்கப் போட்டு 5 விநாடி இழுக்க வேண்டும். துப்பாக்கி வெளியே வராமல் இருந்து, உறையும் பெல்ட்டில் இருந்து பிய்ந்துபோகாமல் இருந்து, அதற்குப் பிறகும் உரியவர் வழக்கம்போல உருவ முடிந்தால் அது லெவல் 1. அப்புறம் முதல் பூட்டைத் திறந்துவிட்டு அதே 5 விநாடி இழுப்பு. இரண்டாவது பூட்டு தாக்குப்பிடித்தால் லெவல் 2. அதையும் திறந்துவிட்டு மூன்றாவது தாங்கினால் லெவல் 3.

இன்றைக்குச் சந்தையில் அந்தச் சோதனை எல்லோருக்கும் பொதுவானதல்ல. தொழில் முழுமைக்கும் கட்டாயமான தரம் எதுவும் கிடையாது. பல நிறுவனங்கள் உறையில் எத்தனை பூட்டு இருக்கிறதோ அதையே லெவலாக எண்ணிப் போடுகின்றன. சிலர் உறை துப்பாக்கியை இறுக்கிப் பிடிப்பதையே ஒரு லெவலாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆகவே ஒரு கம்பெனியின் லெவல் 2 இன்னொரு கம்பெனியின் லெவல் 1க்குச் சமமாக இருக்கலாம். அட்டைப் பெட்டியில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, துப்பாக்கி எதில் பூட்டிக்கொள்கிறது, அதை எந்த விரல் திறக்கிறது என்று பாருங்கள்.

எந்த விரல் என்பதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். பிளாக்ஹாக் நிறுவனத்தின் செர்பா என்ற உறை ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் இருந்தது. அதன் பூட்டு வெளிப்பக்கத்தில் ஒரு பொத்தான். உருவும்போது ஆள்காட்டி விரலால் அதை உள்பக்கமாக அழுத்த வேண்டும். நிதானமாகச் செய்தால் விரல் நீட்டியபடியே ஸ்லைடின் (துப்பாக்கியின் நகரும் மேல்பகுதி) பக்கவாட்டில் போய் நிற்கும். பதற்றத்தில் மனிதன் விரல் நுனியை வளைத்து அழுத்துவான். துப்பாக்கி மேலே வந்ததும் வளைந்த அந்த விரல் நேராக ட்ரிகருக்குள் விழும். இப்படித் தங்கள் தொடையிலேயே சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. பல பயிற்சிப் பள்ளிகள் தங்கள் வகுப்பில் இந்த உறையை அனுமதிப்பதில்லை. அந்த நிறுவனமே பிற்பாடு கட்டைவிரலால் திறக்கும் டி-சீரிஸ் உறைகளைக் கொண்டுவந்தது. சுடுகிற விரலுக்கு உறையைத் திறக்கும் வேலை எதுவும் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கட்டைவிரல் வகையில் சஃபாரிலேண்ட் நிறுவனத்தின் ஏ.எல்.எஸ். என்ற பூட்டு எல்லோருக்கும் தெரிந்தது. துப்பாக்கியை உள்ளே வைத்ததும் தானாகவே பூட்டிக்கொள்ளும். தோட்டாக் கூடு வெளியேறும் ஜன்னல் ஸ்லைடில் இருக்கிறதல்லவா, உள்ளே இருக்கும் பூட்டு அந்த இடத்தில் போய்ப் பிடிக்கிறது. உருவ வேண்டுமென்றால் கைப்பிடியைச் சரியாகப் பற்ற வேண்டும். பற்றியதும் கட்டைவிரல் இயல்பாக வந்து விழும் இடத்தில், உடம்புப் பக்கமாக ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதைப் பின்னால் இழுத்தபடியே மேலே தூக்கினால் வந்துவிடும். ஆள்காட்டி விரல் முழு நேரமும் வெளியே நீட்டியே இருக்கும். பிடி சரியாக விழாவிட்டால் பூட்டு திறக்காது என்பதால் நல்ல பிடியும் பழகிவிடும். இதே நிறுவனத்தின் 6360 போன்ற லெவல் 3 உறைகளில், மேலே வளைவாக ஒரு மூடியும் உண்டு. கட்டைவிரலால் அதைக் கீழே அழுத்தி முன்னால் தள்ளிவிட்டுத்தான் நெம்புகோலுக்கே வர வேண்டும். தினமும் சீருடையில் அதைக் கட்டுகிறவருக்கு அது ஒரே அசைவு. வாரம் ஒருமுறை தொடுகிறவர் நெருக்கடியில் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பார்.

சரி, கடைக்கு வருவோம். உங்கள் வேலை என்ன? குனிந்து கீழ்த்தட்டில் சிப்ஸ் அடுக்குகிறீர்கள். கூலருக்குப் பின்னால் போய் தண்ணீர் கேஸ்களைத் தூக்குகிறீர்கள். வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிகரெட் அலமாரிப் பக்கம் திரும்புகிறீர்கள். கூட்ட நேரத்தில் ஆட்கள் ஒரு கை தூரத்தில் நிற்கிறார்கள். வெளியே தெரியும் துப்பாக்கி அத்தனை பேருக்கும் தெரியும். காவலருக்கு உதவிக்கு வர சக காவலர்கள் உண்டு, துப்பாக்கியைப் பிடுங்க வந்தால் தடுக்கும் பயிற்சியும் உண்டு. உங்களுக்கு அந்த இரண்டும் இல்லை. இருப்பதே தெரியாத பொருளைப் பிடுங்க யாருக்கும் தோன்றாது. அதனால்தான் மறைத்து வைக்கச் சொல்கிறேன்.

அப்படியானால் மறைத்து வைக்கும் உறைக்குப் பிடிமானம் தேவையில்லையா? தேவைதான், காரணம் வேறு. அங்கே பிடுங்குவதைவிடக் கீழே விழுவதுதான் பெரிய ஆபத்து. 2018 ஜூனில் டென்வரில் பணியில் இல்லாத எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் ஒரு மதுக்கூடத்தில் நடனமாடிக்கொண்டே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்தார். இடுப்பில் இருந்த துப்பாக்கி நழுவித் தரையில் விழுந்தது. விழுந்தபோது அது வெடிக்கவில்லை. அவர் அவசரமாகப் பாய்ந்து எடுத்தபோதுதான் வெடித்தது. பக்கத்தில் இருந்த ஒருவரின் காலில் குண்டு பாய்ந்தது. வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. இதில் நமக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. உறை எந்தக் கோணத்திலும் துப்பாக்கியை விடக் கூடாது. அப்படியும் எப்போதாவது நழுவினால் பாய்ந்து பிடிக்கக் கூடாது, விழ விடுங்கள். இன்றைய நல்ல துப்பாக்கிகள் பெரும்பாலும் விழுவதால் வெடிக்காதபடி செய்யப்பட்டவை. காற்றிலோ தரையிலோ அவசரமாகப் பிடிக்கப்போகும் விரல்தான் ட்ரிகரில் மாட்டும்.

கைடெக்ஸ் உறையில் பூட்டு இல்லாமலே பிடிமானம் வரும். அந்த பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி உங்கள் துப்பாக்கி மாடலின் வடிவத்துக்கே அழுத்தி வார்க்கிறார்கள். உள்ளே தள்ளினால் ட்ரிகர் வளையத்தில் போய் 'க்ளிக்' என்று உட்காரும். ரப்பர் வளையம் போட்ட ஒரு திருகு இருக்கும், அதை முடுக்கினால் பிடி இறுகும். வாங்கியதும் துப்பாக்கியைக் காலி செய்யுங்கள்: மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றி, சேம்பரை (சுடுவதற்குத் தோட்டா வந்து நிற்கும் அறை) கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். காலித் துப்பாக்கியை உறையில் போட்டு, கட்டில் மேலே தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறுங்கள். விழுந்தால் திருகை முடுக்க வேண்டும். அப்புறம் அந்தத் திருகில் கழலாமல் இருக்க நீலநிற த்ரெட்லாக்கர் ஒரு சொட்டு விடுங்கள். உடம்பு அசைவில் திருகுகள் தளர்வது ரொம்பச் சாதாரணம். டெக்சாஸ் கோடையில் உறையைக் கார் டாஷ்போர்டில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், சூட்டில் வடிவம் தளரலாம்.

இன்னொரு சோதனை ட்ரிகருக்கு. கிளாக்கில் வெளியே தனி சேஃப்டி கட்டை கிடையாது, ட்ரிகரிலேயே இருக்கும் நாக்கு போன்ற துண்டுதான் சேஃப்டி. ட்ரிகரை எது அழுத்தினாலும், விரலோ துணியோ, அது சுடும். காலித் துப்பாக்கியை உறையில் வைத்து, பக்கவாட்டில் விரலால் குத்திப் பாருங்கள். ட்ரிகர் அசையவே கூடாது. நைலான் பொதுப் பைகள் இந்தச் சோதனையிலேயே தோற்றுவிடும். பழகித் தொய்ந்துபோன தோல் உறையும் ஆபத்து. வாய் ஓரம் உள்பக்கமாக மடிந்து, திரும்ப வைக்கும்போது ட்ரிகர் வளையத்துக்குள் நுழைந்து வெடிக்க வைத்த சம்பவங்கள் உண்டு. ஜாக்கெட்டின் அடியில் தொங்கும் இழுகயிறும் அதன் பிளாஸ்டிக் முடிச்சும் அதே வேலையைச் செய்யும். அந்தக் கயிற்றை வெட்டி எறிந்துவிடுங்கள். துப்பாக்கியை உறையில் திரும்ப வைக்கும்போது அவசரமே வேண்டாம். சட்டையை மற்ற கையால் நன்றாகத் தூக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாக வையுங்கள். தடை தட்டினால் அழுத்தாமல் வெளியே எடுத்து என்னவென்று பாருங்கள்.

பெல்ட்டை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பேன்ட்டோடு வந்த மெல்லிய தோல் பெல்ட்டில் எந்த உறையும் நிற்காது. ஒன்றரை அங்குல அகலத்தில், உள்ளே விறைப்புப் பட்டை வைத்த பெல்ட் வாங்குங்கள். வெளியே கட்டுகிறவர்கள் பெல்ட் கோர்க்கும் வகை உறையையே எடுங்கள். இடுப்பில் செருகும் துடுப்பு வகையில், பிடுங்குகிறவன் பலமாக இழுத்தால் துப்பாக்கி உறையோடு சேர்ந்தே வந்துவிடலாம். பெல்ட்டுக்கும் உறைக்குமாகச் சேர்த்து நூற்றைம்பது டாலர் ஒதுக்கினால் நல்லதாகவே கிடைக்கும்.

வீட்டுப் பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலம் ஹேடனில் ஒரு வால்மார்ட்டில், ஷாப்பிங் வண்டியில் உட்கார்ந்திருந்த 2 வயதுக் குழந்தை தாயின் கைப்பைக்குள் கைவிட்டுத் துப்பாக்கியை எடுத்தது. அது வெடித்து அந்தத் தாய் அங்கேயே இறந்தார். துப்பாக்கி வைப்பதற்கென்றே அறை தைத்த பைதான் அது. பை தோளில் இருக்கும், வண்டியில் இருக்கும், நாற்காலியில் தொங்கும். உடம்போடு ஒட்டி இல்லாத துப்பாக்கியை எந்த உறையும் காப்பாற்றாது. இரவில் கழற்றி வைக்கும்போதும் உறையோடு மேசையில் வைக்காதீர்கள், பூட்டுப் பெட்டிக்குள் போக வேண்டும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. டெக்சாஸில் 2016 ஜனவரி முதல் உரிமம் உள்ளவர்கள் வெளியே தெரியும்படி கட்டலாம் என்றானது. 2021 செப்டம்பர் முதல், தடை எதுவும் இல்லாத 21 வயதானவர்களுக்கு உரிமமே தேவையில்லை. ஆனால் பொது இடத்தில் வெளியே தெரிந்தால் அது ஹோல்ஸ்டரில்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் உரிமம் எடுத்துவிடுங்கள். அதற்கான வகுப்பே நல்லது, பள்ளிக்கூடங்களின் சுற்றுவட்டத்தில் துப்பாக்கியைத் தடுக்கும் மத்தியச் சட்டத்திலும் உரிமம் உதவும். இதைப் படிக்கும் மற்ற தமிழர்களுக்கு ஒன்று: ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கடைக்கார நண்பர் சொன்னார், அறைத்தோழர் சொன்னார் என்று இறங்காதீர்கள். குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

கடைசியாகப் பயிற்சி. எந்த உறை வாங்கினாலும், காலித் துப்பாக்கியோடு, கடைக்குப் போடும் அதே சட்டை அதே பெல்ட்டில், தினம் பத்து நிமிடம் மெதுவாக உருவிப் பழகுங்கள். முதலில் சட்டையைத் தூக்கு, பிறகு பிடி முழுசாக விழட்டும், அப்புறம்தான் பூட்டு, அதன் பிறகே மேலே. குனிந்தபடி, உட்கார்ந்தபடி, கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குறுகிய இடத்திலும் செய்து பாருங்கள் (கடை மூடிய பிறகு, விளக்கணைத்து, வெளியே யாருக்கும் தெரியாதபடி). முழங்கை அலமாரியில் இடித்தால் உறையை இடுப்பில் ஓர் அங்குலம் முன்னாலோ பின்னாலோ நகர்த்த வேண்டியிருக்கும். உங்கள் ஊர்ப் பக்கம் துப்பாக்கி பிடுங்கலைத் தடுக்கும் வகுப்பு நடத்தும் பயிற்றுநர்கள் இருப்பார்கள். இரண்டாவது உறை வாங்கும் யோசனை வந்தால் அந்தப் பணத்தை அந்த வகுப்புக்குக் கட்டுங்கள்.