கர்ட் வார்னர்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கே: மளிகைக் கடையில் வேலை பார்த்தவர் என்கிறார்களே, நிஜமா அண்ணா?

நிஜம்தான். வார்னர் அமெரிக்க ஃபுட்பாலில் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர். 1994இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணி பயிற்சி முகாமோடு அவரை அனுப்பிவிட்டது. ஐயோவா மாநிலத்தில் சீடர் ஃபால்ஸ் ஊரின் ஹை-வீ கடையில் இரவு ஷிஃப்டில் சரக்கு அடுக்கினார். மணிக்கு 5.50 டாலர் கூலி. ஆனால் இதையே எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லி, அப்புறம் அவர் உழைத்த வருடங்களை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் நிறைய வருத்தம் உண்டு.

கே: அந்த வருடங்களில் என்ன செய்தார்?

1995 முதல் 1997 வரை ஐயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அணிக்காக அரீனா ஃபுட்பால் ஆடினார். உள்ளரங்கு ஆட்டம் அது. மைதானம் 50 கெஜம்தான், வழக்கமானதில் பாதி. பக்கத்துக்கு எட்டுப் பேர். எதிராளி கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடுவான், யோசிக்க நேரமே கிடையாது. பந்தைச் சட்டென்று, சின்ன இடைவெளிக்குள் எறியக் கற்றாக வேண்டும். 1998இல் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ் அணிக்கு ஆடிவிட்டு, செயின்ட் லூயிஸ் ராம்ஸில் மூன்றாவது குவாட்டர்பேக்காக உட்கார்ந்தார்.

கே: 1999இல் வாய்ப்பு வந்தது வெறும் அதிர்ஷ்டம்தானே?

வாய்ப்பு வந்ததில் அதிர்ஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. சீசனுக்கு முந்தைய ஆட்டத்தில் ராம்ஸின் முதல் குவாட்டர்பேக் ட்ரென்ட் கிரீனுக்கு முழங்கால் போனது. கோச் டிக் வெர்மீலுக்கு வார்னரை விட்டால் ஆள் இல்லை. அதே வருடம் புதிய கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டிருக்கலாம், எடுக்கவில்லை. ஆனால் அந்த சீசனில் எறிந்தே அணியை 4,353 கெஜம் முன்னேற்றி, 41 டச்டவுன் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் பெறும் புள்ளி) எறிந்தாரே, அதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத முடியாது. முந்தைய வருடம் 4 வெற்றி மட்டுமே பெற்ற அணி 13 ஆட்டம் ஜெயித்தது. மைக் மார்ட்ஸ் வகுத்த தாக்குதல் முறையில், பந்தைப் பிடிக்கும் ஐசக் புரூஸோ டோரி ஹோல்ட்டோ திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து கையை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். அரீனாவில் மூன்று சீசன் பழகியவருக்கு அது கைவந்த கலை. அந்த சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் டென்னசி டைட்டன்ஸை 23-16 என்று வென்றார்கள். அதில் வார்னர் எறிந்தது 414 கெஜம், சூப்பர் பவுலில் அன்றைக்கு அது சாதனை.

கே: அவர் மனைவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.

பிரெண்டா அமெரிக்க ராணுவத்தின் மரீன் படையில் இருந்தவர். அவருடைய முதல் திருமணத்தில் பிறந்த மகன் சாக், குழந்தையாக இருந்தபோது தலையில் அடிபட்டுப் பார்வையைப் பெருமளவு இழந்தவர். 1996இல் சூறாவளி பிரெண்டாவின் பெற்றோரைப் பறித்தது. மறு வருடம் திருமணம். சாக்கையும் அவர் தங்கையையும் வார்னர் தத்தெடுத்துக்கொண்டார். அவரிடம் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

கே: அவ்வளவு ஆடியவர் 2002 முதல் ஏன் சரிந்தார்?

முக்கியக் காரணம் கை. எறியும் கையில் விரல் முறிந்தது. அந்த வருடம் அவர் தொடங்கிய 6 ஆட்டமும் தோல்வி. 2003 முதல் ஆட்டத்தில் ஆறு முறை பந்தைத் தவறவிட்டார், இடம் மார்க் பல்ஜருக்குப் போனது. நியூயார்க் ஜயண்ட்ஸிலும் பாதி சீசனில் ஈலை மேனிங்கிடம் இடம் போயிற்று. முடிந்துபோன ஆள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அப்புறம் அரிசோனா கார்டினல்ஸ். அங்கே இரண்டு கையிலும் உறை போட்டு ஆடி, 37 வயதில் அந்த அணியை முதல்முறையாக சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார். பிட்ஸ்பர்கிடம் 27-23 என்று தோற்றார்கள். ஆனாலும் 1999ஐவிட எனக்கு இதுதான் பெரிய சாதனை.

கே: ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

2010 ஜனவரி 10, அரிசோனாவும் கிரீன் பேயும் மோதிய பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேறும் சுற்று. 33 பந்து எறிந்து 29 சக வீரர் கையில் சேர்ந்தன. டச்டவுன் 5, சேராத பந்து 4. கூடுதல் நேரத்தில் 51-45 வெற்றி. அந்த மாதமே ஓய்வு பெற்றுவிட்டார், அதனால் தவறவிடாதீர்கள்.