சொட்டு மருந்தோடு ஊசியும் ஏன்?

ஆறாவது வாரத்தில் குழந்தைக்குப் போலியோ சொட்டும் கொடுத்து, வலது கையில் போலியோ ஊசியும் போட்டுவிட்டார்கள், மருந்து இரட்டிப்பாகிவிட்டதோ என்று பயந்திருக்கிறீர்கள். தவறேதும் இல்லை சகோதரி, அரசு அட்டவணையே அப்படித்தான். சொட்டில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். குடலில் பெருகி, போலியோ நுழையும் வாசலிலேயே காவல் வைக்கிறது. ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், பெருகாது. ஆனால் இரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கி, கிருமி நரம்பை எட்டவிடாமல் தடுக்கிறது. போதாததற்கு, 2016 ஏப்ரலில் சொட்டிலிருந்து இரண்டாம் வகை வைரஸை நீக்கிவிட்டார்கள். அந்த வகைப் போலியோவைத் தடுக்க ஊசிதான் துணை. தோலுக்குள் 0.1 மில்லி போடுவதால் சிறு கொப்புளம்போல எழும்பியிருக்கும். தேய்க்காதீர்கள், தானே அமுங்கிவிடும். 14-ஆவது வாரத்திலும் இரண்டும் உண்டு. தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.