பள்ளிச் சமையற்கூடத்தில் என்ன படிக்கிறார்கள்? – சிட்னி ஆசிரியையிடம் சில கேள்விகள்

நியூ சவுத் வேல்ஸில் ஒரு கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளியில் ஃபுட் டெக்னாலஜி (உணவுத் தொழில்நுட்பம்), ஹாஸ்பிடாலிட்டி (ஓட்டல், உபசரிப்புத் தொழில்) இரண்டும் நடத்துகிறேன். தமிழ்ப் பெற்றோரும், ஆசிரியராக வர விரும்புவோரும் கேட்டவை இவை.

இரண்டுமே சமையல் வகுப்புதானே மேடம்? பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான ஏடார் தரவரிசைக்கு எது நல்லது?

இரண்டும் வேறு வேறு. ஃபுட் டெக்னாலஜியில் எழுத்து வேலை அதிகம். 12ஆம் வகுப்பில் ஆஸ்திரேலிய உணவுத் தொழில், உணவு உற்பத்தி, புதிய உணவுப்பொருள் உருவாக்கம், இன்றைய ஊட்டச்சத்துப் பிரச்சினைகள் என நான்கு பகுதிகள். ஹாஸ்பிடாலிட்டி தொழிற்கல்வி. 240 மணி நேரப் படிப்பில் சேரும் பிள்ளை 70 மணி நேரம் ஓட்டலிலோ கஃபேயிலோ வேலை செய்தாக வேண்டும். அதற்கு எச்.எஸ்.சி. (12ஆம் வகுப்பு இறுதிச் சான்றிதழ்) எழுத்துத் தேர்வு கட்டாயமில்லை. ஆனால் எழுதினால்தான் மதிப்பெண் ஏடாரில் சேரும். பாடத்தைத் தேர்வு செய்யும்போதே இதைக் கேட்டு வையுங்கள்.

என் மகள் வீட்டில் நன்றாகவே சமைப்பாள். புதிதாக என்ன கற்றுக்கொள்ளப் போகிறாள்?

கைப்பழக்கம் இருப்பது பெரிய பலம்தான் அக்கா. ஆனால் சோற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய சோறு நம் வீடுகளில் பானையிலேயே இரவெல்லாம் வெளியே இருக்கும். பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்துக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாக இருந்தால் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

வகுப்பில் ஒரே உலைச் சோற்றில் பாதியை அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்புகிறோம், பாதியைப் பானையிலேயே விடுகிறோம். பாடவேளை முடியும்போது பிள்ளைகள் இரண்டின் நடுவிலும் வெப்பமானியைக் குத்திப் பார்ப்பார்கள். பானையில் மேற்பரப்பு ஆறியிருக்கும், உள்ளே ஆவி பறக்கும். 60 டிகிரியிலிருந்து 21க்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5க்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும் என்ற விதியை அதன்பிறகு நான் மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதே இல்லை.

நாங்கள் இந்துக்கள். மாட்டிறைச்சி சமைக்கச் சொல்வார்களா?

ஃபுட் டெக்னாலஜியில் பெரும்பாலும் மாற்றுப் பொருள் தரலாம். ஹாஸ்பிடாலிட்டியில், பள்ளி எந்தெந்தப் பாட அலகுகளை எடுத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது; சேரும் முன்பே ஆசிரியரிடம் பேசுங்கள். கூச்சமே வேண்டாம். தன் உணவு இன்னொருவரை இடறச் செய்யுமானால் இறைச்சியே உண்ணமாட்டேன் என்று பைபிளில் அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபையாருக்கு எழுதியிருக்கிறார். அதை வாசிக்கிற பள்ளி உங்கள் பிள்ளையின் தட்டை மதிக்கத்தான் வேண்டும்.

இதில் கிறிஸ்தவம் எங்கே வருகிறது? ஜெபத்தோடு தொடங்குவீர்களா?

ஜெபம் உண்டு. ஆனால் அதோடு நின்றுவிட்டால் போதாது. அந்நியரை உபசரிக்க மறவாதீர்கள் என்கிறது பைபிளின் எபிரெயர் நிருபம். விருந்தினர் வரும் நாளில் எங்கள் பிள்ளைகள் முதலில் ஒவ்வாமைப் பட்டியலைத்தான் எடுப்பார்கள். எள் இந்த நாட்டில் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள். தோசைக்கு நல்லெண்ணெய் ஊற்றியிருந்தால் அதையும் எழுதியாக வேண்டும். ஒரே ஒருவருக்கு எள் ஆகாது என்றாலும் அவருக்குத் தனி வாணலி, தனிக் கரண்டி. அவரும் மற்றவர்களோடு சேர்ந்து, அதே நேரத்தில் சாப்பிட வேண்டும். என்னைப் பொறுத்தவரை உபசரிப்பு அதுதான். மேசை விரிப்பின் மடிப்பெல்லாம் பிறகு.

மது பரிமாறக் கற்றுத் தருவீர்களா?

இல்லை. எஸ்பிரெசோ காபி போடக் கற்றுத் தருகிறோம். பாலை 60 முதல் 65 டிகிரிக்குள் நிறுத்தப் பழகவே நாளாகும்.

தமிழ்நாட்டில் ஹோம் சயின்ஸ், பி.எட். முடித்தேன். அங்கே வேலை கிடைக்குமா?

குடியேற்றத்துக்கான தகுதி மதிப்பீட்டை ஏ.ஐ.டி.எஸ்.எல். என்ற ஆஸ்திரேலிய ஆசிரியர் தர அமைப்பு செய்கிறது. குறைந்தது 4 ஆண்டு உயர்கல்வி, 45 நாள் மேற்பார்வையிலான கற்பித்தல் பயிற்சி, ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் வாசிப்பிலும் எழுத்திலும் 7, பேச்சிலும் கேட்டலிலும் 8 கேட்பார்கள். பயிற்சி நாட்களுக்கான கடிதத்தைக் கல்லூரியிலிருந்து இப்போதே வாங்கி வையுங்கள் தங்கச்சி. இங்கே வந்தபின் மாநிலப் பதிவும், பிள்ளைகளோடு பணிபுரிவதற்கான சரிபார்ப்பும் வேண்டும். ஹாஸ்பிடாலிட்டி நடத்த, தொழில்துறைத் தகுதியும் பயிற்றுநர் சான்றிதழும் தனியாகத் தேவை. பல கிறிஸ்தவப் பள்ளிகள் சபைப் போதகரின் கடிதமும் கேட்கும்.