காற்றில் சாய்ந்த கொல்லை வேலி: கேள்வி பதில்

கேள்வி: பலத்த காற்றில் எங்கள் பலகை வேலி சாய்ந்துவிட்டது. நிமிர்த்தி முட்டுக் கொடுத்தால் போதுமா?

பதில்: பலகையை விடுங்கள், தூணின் அடியைப் பாருங்கள். தூணைச் சுற்றி ஒரு சாண் ஆழம் மண்ணை விலக்கி, திருப்புளியின் முனையை மரத்தில் அழுத்துங்கள். நல்ல மரத்தில் முனை நின்றுவிடும்; உளுத்ததில் நனைந்த தக்கைக்குள் புகுவதுபோல் இறங்கும். ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைப்பதால் மரம் தரைமட்டத்தில்தான் முதலில் உளுக்கிறது. காற்று தூணை வளைக்கும் விசையும் ஏறக்குறைய அங்கேதான் உச்சம் பெறுகிறது. உளுத்த தூணுக்கு முட்டுக் கொடுப்பது வீண்வேலை.

கேள்வி: வேலியின்மேல் மின்கம்பி அறுந்து கிடக்கிறது. குச்சியால் தள்ளிவிடலாமா?

பதில்: கூடாது. வேலியையும் தொடாமல் விலகி நின்று, மின்சாரத் துறைக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: புதிய தூணை எவ்வளவு ஆழத்தில் நட வேண்டும்?

பதில்: தரைக்கு மேல் 6 அடி நிற்க வேண்டுமானால் மண்ணுக்குள் 2 அடியாவது இருக்க வேண்டும், இளகிய மண்ணில் 3 அடி நல்லது. கான்கிரீட் இறுகும்வரை முட்டுக் கொடுத்து, அடுத்தடுத்த இரண்டு பக்கங்களிலும் ரசமட்டம் வைத்துத் தூண் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கான்கிரீட்தான் தூணை உளுக்க வைக்கிறது. குழியில் ஜல்லி இட்டு இடித்து இறுக்குவதே சரி என்கிறேன்.

பதில்: பாதி உண்மை. குழியின் அடியையும் கான்கிரீட்டால் மூடிவிட்டால் அது கிண்ணம்போல் நீரைத் தேக்கும். அந்தக் குற்றம் கான்கிரீட்டினுடையதன்று, ஊற்றியவருடையது. அடியில் அரை அடி ஜல்லி பரப்பி, அதன்மேல் தூணை நிறுத்திக் கான்கிரீட் இட்டு, மேற்பரப்பைத் தரைக்குச் சற்று உயர்த்தி வெளிப்புறம் சரித்துவிட்டால் நீர் வடிந்துவிடும். நன்கு இடித்து இறுக்கிய ஜல்லி கெட்டியான மண்ணில் தூணைத் தாங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மணற்பாங்கான இடத்தில் இடைவெளியில்லாத வேலிக்கு அதை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: பலகைகளுக்கிடையே இடைவெளி வேண்டுமா?

பதில்: விட்டால் நல்லது. இடைவெளியற்ற வேலி கப்பற்பாய்போலக் காற்றை வாங்குகிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும்.

கேள்வி: முட்டு மட்டும் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: முதல் பதிலை வாசியுங்கள். தூணின் அடி!

கேள்வி: செலவில் பாதியைப் பக்கத்து வீட்டார் தர வேண்டாமா?

பதில்: அதை எல்லை ஆவணம்தான் சொல்லும்; நான் தச்சன். இடிபாட்டை அகற்றுமுன் படம் எடுத்து வையுங்கள்.